வழக்கின் நாளும் வாக்கின் நாளும்

இலங்கைப் பாராளுமன்றத் தேர்தலுக்கு இன்னும் ஐந்தே நாட்கள் இருந்த 2020 ஜூலை 31-ஆம் தேதி, இரத்தினபுரி மேல் நீதிமன்றம், அதே மாவட்டத்தில் பொதுஜன பெரமுனவின் அபேட்சகராக நின்றுகொண்டிருந்த பிரேமலால் ஜயசேகரவுக்கு மரண தண்டனை விதித்துத் தீர்ப்பளித்தது. 2015 ஜனவரியில், ஜனாதிபதித் தேர்தலுக்குச் சில நாட்களே இருக்கையில், கஹவத்தையில் எதிரணியினர் பிரசார மேடை அமைத்துக்கொண்டிருந்த இடத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஒருவர் மாண்டது பற்றிய வழக்கு அது. ஒரு தேர்தலின் பிரசாரத்தில் போன உயிருக்கு, ஐந்தரை ஆண்டுகள் கழித்து, மற்றொரு தேர்தலின் பிரசாரம் முடியும் தறுவாயில் தீர்ப்பு வந்தது. வேட்பு மனுக்களோ மார்ச் மாதத்திலேயே ஏற்கப்பட்டுவிட்டன. தபால் வாக்குகளும் செலுத்தப்பட்டாயிற்று. அவருக்குரிய விருப்பு இலக்கம் வாக்குச் சீட்டில் இருந்தபடியே இருந்தது. அவர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட விருப்பு வாக்குகளைப் பெற்று வென்றார்; செப்டம்பர் 8-ஆம் தேதி, மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவின் பேரில், சிறையிலிருந்து பாராளுமன்றத்துக்கு அழைத்துவரப்பட்டுப் பதவிப் பிரமாணம் செய்துகொண்டார். 2022-இல் அதே மேன்முறையீட்டு நீதிமன்றம் அவரைக் குற்றவாளி அல்லர் என்று விடுதலை செய்தது என்பதையும் இவ்விடத்திலேயே சொல்லிவிடுவது நியாயம்.

இச்சம்பவத்தைக் கேள்வியுறும் எவரும் முதலில் இரத்தினபுரி வாக்காளரைக் குறை கூறவே முற்படுவர். ஆயினும், அவர்களுடைய நிலையில் நம்மை இருத்திப் பார்த்தால், ஐந்தரை ஆண்டுகள் நீதிமன்றம் எட்டாதிருந்த ஒரு முடிவை ஐந்து நாட்களுக்குள் அவர்கள் ஏற்றுக்கொண்டு தம் மனத்தை மாற்றிக்கொள்ள வேண்டுமென்று எதிர்பார்ப்பது எவ்வளவு கடினமான காரியம் என்பது விளங்கும். தேர்தல் காலத்தில் குற்றச்சாட்டு என்பது நியாயஸ்தலத்தில் இருக்கும்போது பெற்றிருந்த உருவத்தோடு ஜனங்களிடம் வந்து சேர்வதில்லை. சாட்சியம் என்ன, சட்டப்பிரிவு எது, தண்டனை எவ்வளவு என்பனவெல்லாம் பின்தள்ளப்பட்டு, இந்த வழக்கை யார் தொடுத்தார், எப்போது தொடுத்தார், இத்தனை நாள் ஏன் சும்மா இருந்தார் என்ற மூன்று கேள்விகளே முன்னுக்கு வந்துவிடுகின்றன. இலங்கையிலும் இந்தியாவிலும் வாக்காளன் குற்றச்சாட்டைப் படிப்பதைவிட அதன் தேதியையே கூர்ந்து படிக்கிறான் என்பது என் அபிப்பிராயம். அவனை அவ்வாறு பழக்கியவை இரு நாட்டின் சர்க்கார்களும் அவற்றின் தாமதங்களுமே.

சட்டத்தின் அமைப்பில் இரு நாடுகளுக்கும் இடையே உள்ள தூரம் மேலெழுந்தவாரியாகத் தோன்றும் அளவுக்கு அதிகமில்லை. இந்தியாவின் 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 8-ஆவது பிரிவு, பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாத சிறைத்தண்டனை பெற்றவர், தண்டனைக் காலமும் அதற்குப்பின் ஆறு ஆண்டுகளும் தேர்தலில் நிற்கலாகாது என்கிறது. இலங்கையின் 1978-ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 89-ஆவது உறுப்புரை, இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாத சிறைத்தண்டனைக்குரிய குற்றமொன்றுக்காக ஆறு மாதங்களுக்குக் குறையாத தண்டனையை அனுபவிப்பவரையும், அதை அனுபவித்து முடித்து ஏழு ஆண்டுகள் ஆகாதவரையும், வாக்காளராக இருக்கும் தகுதியிலிருந்தே விலக்கி, அதன் வழியாக உறுப்பினராகும் தகுதியிலிருந்தும் விலக்குகிறது. குற்றம் சாட்டப்பட்டிருப்பது மாத்திரம் இரு நாட்டிலும் எவரையும் தடுப்பதில்லை. நிரூபிக்கப்படும்வரை ஒருவன் நிரபராதி என்ற தத்துவம் இரு நாடுகளுக்கும் ஒரே மூலத்திலிருந்து கிடைத்தது. அதைக் கைவிட வேண்டுமென்று சொல்லும் துணிவு எனக்கில்லை.

ஆனால் அத்தத்துவத்துக்கு உள்ளே, மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது என்ன செய்வது என்ற கேள்வியில், இந்தியா 2013-இல் ஒரு முக்கியமான அடி எடுத்து வைத்தது. அதுவரை, பதவியில் இருக்கும் உறுப்பினர் தண்டனை பெற்றாலும் மூன்று மாதங்களுக்குள் மேல்முறையீடு செய்துவிட்டால் அது முடியும்வரை பதவியில் நீடிக்கலாம் என்றிருந்த பாதுகாப்பை, அவ்வாண்டு ஜூலை 10-ஆம் தேதி லில்லி தாமஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கிற்று. அதன்பின் தீர்ப்பு வந்த நாளே பதவி போகும் நாளாயிற்று. லாலு பிரசாத் அவ்வாண்டே மக்களவையை இழந்தார். ராகுல் காந்தி 2023 மார்ச் 23-ஆம் தேதி சூரத்தில் தண்டிக்கப்பட்டு மறுநாளே உறுப்பினர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். தண்டனைத் தீர்ப்பை ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்த பிறகே திரும்பிவந்தார். 2020-இல் இரத்தினபுரி உறுப்பினர் மேன்முறையீட்டைத் துணைகொண்டு சபையில் அமர்ந்தபோது, அவருக்குத் தகுதியில்லை என்று சட்டமா அதிபர் கருத்துத் தெரிவித்திருந்தும், இலங்கை ஏறக்குறைய 2013-க்கு முந்திய இந்தியா நின்ற இடத்தில் நின்றது எனலாம்.

இந்தியா எடுத்துவைத்த மற்றொரு அடி, வாக்காளனுக்கு அறிவிப்பது. 2002 மே மாதம் ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம், அபேட்சகரின் குற்றப் பின்னணியையும் சொத்தையும் கல்வியையும் தெரிந்துகொள்வது வாக்காளனின் உரிமையென்று கூறியது. அவ்வுரிமையைக் குறைக்க நாடாளுமன்றம் செய்த முயற்சி 2003-இல் தள்ளப்பட்டது. அன்றுமுதல் வேட்பு மனுவோடு இணைக்கப்படும் 26-ஆம் எண் படிவத்தில், தம்மீதுள்ள வழக்குகளைச் சத்தியம் செய்து எழுதிக் கொடுப்பது கட்டாயமாயிற்று. 2018-இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, அவ்விவரங்களைப் பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் விளம்பரம் செய்ய வேண்டுமென்றது. 2020 பிப்ரவரியில் மேலும் ஒரு படி சென்று, வழக்குள்ள ஒருவரை ஏன் தேர்ந்தெடுத்தோம், வழக்கில்லாத ஒருவர் ஏன் கிடைக்கவில்லை என்பதற்குக் கட்சிகள் காரணம் கூற வேண்டும், வெற்றி வாய்ப்பு மட்டுமே காரணமாகாது என்று ஆணையிட்டது. இவ்வாணையைச் சரிவரப் பின்பற்றாததற்காக 2021-இல் பல கட்சிகளுக்கு அபராதமும் விதித்தது.

இத்தனை வெளிச்சத்தின் பலன் என்ன? மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டோருள், வழக்கு உண்டென்று தாமே எழுதிக்கொடுத்தவர்கள், அச்சங்கத்தின் கணக்குப்படி, 2009-இல் 162 பேர். 2014-இல் 185 பேர். 2019-இல் 233 பேர். 2024-இல் 251 பேர். பிரமாணப் பத்திரம் வந்தபின் எண்ணிக்கை குறையவில்லை, ஏறியிருக்கிறது. ஜனங்கள் குற்றத்தை விரும்புகிறார்கள் என்று இதைக் கொண்டு முடிவு கட்டுவோரின் கருத்தை நான் ஏற்கமாட்டேன். அந்தப் படிவம் எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் இடுகிறது. கொலை வழக்கும் சாலை மறியல் வழக்கும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. கூடங்குளம் அணு உலையை எதிர்த்துப் போராடிய சுப. உதயகுமாரன் 2014-இல் கன்னியாகுமரித் தொகுதியில் நின்றபோது அவர்மீது முந்நூறுக்கும் மேற்பட்ட வழக்குகள் இருந்தன. தேசத்துரோகக் குற்றச்சாட்டும் அவற்றுள் உண்டு. எண்ணிக்கையை மட்டும் நோக்கினால் அவரே நாட்டின் பெருங்குற்றவாளிகளில் ஒருவராகத் தோன்றுவார். உண்மையில், கடற்கரை மக்களோடு உண்ணாநோன்பு இருந்ததும் கூட்டம் கூடியதும் அவ்வழக்குகளாக மாறியிருந்தன. தடையை மீறி ஊர்வலம் போய்ச் சிறை சென்றவர்களைத் தலைவர்களாக ஏற்றுக்கொண்ட ஒரு நாட்டில், வழக்கு என்ற சொல் ஒருவனை இழிவுபடுத்தும் சக்தியை வெகு காலத்துக்கு முன்பே இழந்துவிட்டது. அந்த மரியாதையின் நிழலில் கொலைவழக்கும் வந்து ஒதுங்கிக்கொள்கிறது என்பதுதான் துக்கம்.

இலங்கையில் இத்தகைய பிரமாணப் பத்திரம் இல்லை. சொத்து, பொறுப்பு விவரம் கொடுக்க வேண்டுமென்ற விதி 1975-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து தொடங்கி, 2023-ஆம் ஆண்டு ஊழல் எதிர்ப்புச் சட்டத்தில் வலுப்பெற்றது. வழக்குகளைப் பற்றியோ வாக்காளன் பத்திரிகைச் செய்திகளையும் ஊர்ப் பேச்சையுமே நம்பியிருக்கிறான். 2015-இல் பிறந்த மார்ச் 12 பிரகடனம், குற்றச் செயல்களிலும் ஊழலிலும் சம்பந்தப்பட்டோருக்கு வேட்பு மனு வழங்கலாகாது என்று கட்சித் தலைவர்களைக் கையொப்பமிடச் செய்தது. கையொப்பம் இட்டவர்களை அதன்படி நடக்க வைக்கும் வலிமை எந்தச் சட்டத்திலும் இல்லாதபடியால், அது நற்சிந்தனை என்ற அளவில் நின்றது. வாக்களிக்கும் முறையும் இதில் சேர்கிறது. மாவட்டத்துக்கு ஒரு பட்டியல் என்றும், அதில் மூவருக்கு விருப்பு வாக்கு என்றும் உள்ள முறையில், கட்சியை விரும்பும் ஒருவன் குற்றம் சாட்டப்பட்டவரை ஒதுக்கிவிட்டு அதே கட்சியின் மற்ற மூவரைத் தேர்ந்தெடுக்க இயலும். இந்திய வாக்காளனுக்கு இல்லாத அருமையான வசதி அது. ஒரே தொகுதி, ஒரே அபேட்சகர் என்ற முறையில் கட்சிக்கு வாக்களிப்பதும் அம்மனிதருக்கு வாக்களிப்பதும் வேறு வேறல்ல. ஆயினும் அதே விருப்பு வாக்கு, ஒரே கட்சிக்காரரிடையே மாவட்டம் முழுவதும் போட்டியை மூட்டி, பணமும் ஆள்பலமும் உடையவருக்கே இலக்கத்தைச் சுவர்தோறும் ஒட்டும் வாய்ப்பை அளிக்கிறது. வசதி இருந்தும் இரத்தினபுரியில் ஒதுக்கல் நடக்கவில்லை.

பிரசாரத்தின்மீது சட்டத்தின் கை எவ்வளவு தூரம் நீளலாம் என்ற விஷயத்திலேதான் இரு நாடுகளின் வரலாறுகளும் வெகுவாகப் பிரிகின்றன. 1980 அக்டோபர் 16-ஆம் தேதி, ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கவின் குடியியல் உரிமைகளை ஏழு ஆண்டுகளுக்குப் பறிக்கும் தீர்மானம் இலங்கைப் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. சாதாரண நீதிமன்றம் எதுவும் அவரைக் குற்றவாளி என்று கூறவில்லை. 1978-ஆம் ஆண்டின் தனிச் சட்டத்தின்கீழ் அமைக்கப்பட்ட விசேட ஜனாதிபதி ஆணைக்குழு, அவர் பிரதமராயிருந்தபோது அதிகாரத்தைத் துஷ்பிரயோகம் செய்தார் என்று அறிக்கை தந்தது. ஆளுங்கட்சி பெரும்பான்மை வகித்த சபை அதை ஏற்று அவரை வெளியேற்றியது. 1982 ஜனாதிபதித் தேர்தலில் ஜே. ஆர். ஜயவர்த்தனவை எதிர்த்து நிற்கக்கூடிய பெருந்தலைவர் அவர் ஒருவரே. நிற்கும் உரிமையோடு, தம் கட்சிக்காகப் பிரசாரம் செய்யும் உரிமையும் அவருக்கு அடைக்கப்பட்டிருந்தது. அவருக்குப் பதிலாக நின்ற ஹெக்டர் கொப்பேகடுவ சுமார் 39 சதவீத வாக்குகளே பெற, ஜயவர்த்தன 52 சதவீதத்துக்கு மேல் பெற்று வென்றார். 1986-இல் ஸ்ரீமாவோவுக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது. 1988-இல் அவர் நின்றபோது பிரேமதாசவிடம் குறுகிய வித்தியாசத்தில் தோற்றார். எதிரியின் வாயையும் சேர்த்துக் கட்டிவிட்டு நடத்தப்பட்ட தேர்தலை நேர்மையானது என்று எவ்வாறு சொல்வது?

இதனோடு 2001-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டை ஒப்பிட்டு நோக்க வேண்டும். ஜெயலலிதாவை, டான்சி நில வழக்கில், முறைப்படி நடந்த நீதிமன்ற விசாரணைக்குப் பின், 2000 அக்டோபரில் தனி நீதிமன்றம் குற்றவாளி எனக் கண்டு மூன்றாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. 2001 சட்டமன்றத் தேர்தலில் ஆண்டிப்பட்டி, கிருஷ்ணகிரி, புவனகிரி, புதுக்கோட்டை ஆகிய நான்கு தொகுதிகளில் அவர் தாக்கல் செய்த மனுக்களும் ஏப்ரல் 24-ஆம் தேதி நிராகரிக்கப்பட்டன. நிற்கும் தகுதி போயிற்று. பேசும் உரிமை போகவில்லை. அவர் வாகனத்தில் ஏறி மாநிலமெங்கும் சென்றார். தம்மை நிற்கவொட்டாமல் தடுத்துவிட்டார்கள் என்பதையே பிரசாரத்தின் நடுநாயகமாக வைத்தார். வாக்குச் சீட்டில் அவர் பெயர் இல்லாதபோதும், அவருடைய கட்சி 234 இடங்களில் தனித்தே 132 இடங்களை வென்றது. உறுப்பினராகாமலே மே 14-ஆம் தேதி அவர் முதலமைச்சராகப் பதவியேற்றதும், அப்பதவியேற்பு செல்லாதென செப்டம்பர் 21-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும், டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அவரை அவ்வழக்கிலிருந்து விடுவித்ததும், 2002-இல் அவர் ஆண்டிப்பட்டியில் வென்று திரும்பியதும் யாவரும் அறிந்தவை.

ஆனால் அதே தமிழ்நாடு 1996-இல் அவருடைய கட்சியை நான்கே இடங்களுக்குச் சுருக்கி, அவரையும் பர்கூரில் தோற்கடித்திருந்தது என்பதை மறந்துவிட்டு 2001-ஐப் பற்றிப் பேசுவது பிழையாகும். 1996 தேர்தலின்போது எந்த நீதிமன்றமும் அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கவில்லை. 1995 செப்டம்பரில் சென்னையில் நடந்த வளர்ப்பு மகன் திருமணத்தின் ஆடம்பரத்தை ஜனங்கள் தம் கண்ணால் கண்டிருந்தார்கள், அது போதுமாயிருந்தது. தாம் கண்டதற்கு அவர்கள் தண்டனை கொடுத்தார்கள். நீதிமன்றம் கண்டதை 2001-இல் பொருட்படுத்தவில்லை. இடையே 1996 டிசம்பரில் அவரைக் கைது செய்து சிறையில் வைத்ததும், வழக்குகளைத் தொடுத்தது போட்டிக் கட்சியின் சர்க்கார் என்பதும், ஆண்டுக்கணக்கில் நீண்ட விசாரணையும் அவ்வழக்கை நியாயஸ்தலத்திலிருந்து தெருவுக்கு இறக்கி, இரு கட்சிகளுக்கிடையே உள்ள பகையின் ஓர் அங்கமாக மாற்றிவிட்டன. குற்றம் பழையதாக ஆக அதன்மீது வாக்காளனுக்குள்ள கோபம் ஆறிவிடுகிறது. வழக்கோ புதியதாகவே இருந்து, தொடுத்தவன்மீது சந்தேகத்தை வளர்க்கிறது.

ஸ்ரீமாவோவின் வாயைக் கட்டியது அநீதி என்றால், ஜெயலலிதாவைப் பேச விட்டது நன்மையில் முடிந்ததா என்று வாசகர் கேட்கலாம். நான் தயக்கமின்றி ஆம் என்பேன். தண்டிக்கப்பட்டவர் அதிகாரத்தில் அமரக் கூடாது என்பது வேறு. தம் பக்கத்தை ஜனங்களிடம் சொல்லக் கூடாது என்பது வேறு. முன்னது ஸ்தானத்தைக் காப்பது. பின்னது வாக்காளனின் செவியை அடைப்பது.

சிறையிலிருந்து போட்டியிட்டோரின் கதைகள் இருகரையிலும் உண்டு. அவற்றுள் பெரும் புகழ் பெற்றது ஜார்ஜ் பெர்னாண்டஸுடையது. நெருக்கடி நிலையின்போது 1976 ஜூனில் கல்கத்தாவில் பிடிபட்ட அவர், பரோடா வெடிமருந்து வழக்கில் குற்றவாளியாக நிறுத்தப்பட்டு, 1977 மார்ச் தேர்தலில் தொகுதிப் பக்கம் ஒருமுறைகூடப் போக முடியாதவராய், பீகாரின் முசாபர்பூரில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றார். விலங்கிட்ட கையை உயர்த்தி நிற்கும் அவருடைய புகைப்படமே அங்கு மேடையேறிப் பேசிற்று. புதிய சர்க்கார் வழக்கை வாபஸ் பெற்றது.

இலங்கையில் இதற்கு நிகராகச் சொல்லத்தக்கது சரத் பொன்சேகாவின் வரலாறு. 2010 ஜனவரி 26-ஆம் தேதி ஜனாதிபதித் தேர்தலில் மஹிந்த ராஜபக்ஷவிடம் தோற்ற அவர், பிப்ரவரி 8-ஆம் தேதி இராணுவத்தினரால் கைது செய்யப்பட்டார். மறுநாள் பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. ஏப்ரலில் தடுப்புக் காவலில் இருந்தபடியே கொழும்பு மாவட்டத்தில் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவருடைய ஜனநாயக தேசியக் கூட்டணிக்கோ நாடு முழுதும் சேர்த்து ஏழே இடங்கள். செப்டம்பரில் இராணுவ நீதிமன்றம் முப்பது மாதச் சிறைத்தண்டனை விதிக்க, அக்டோபரில் அவர் பதவி இழந்தார். இராணுவ நீதிமன்றமும் 89-ஆவது உறுப்புரை குறிக்கும் நீதிமன்றமே என்று நாட்டின் அதியுயர் மன்றமான உயர் நீதிமன்றம் பின்னர் தீர்ப்புக் கூறியது. 2015-இல் சர்க்கார் மாறியதும் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பொது மன்னிப்பு அளித்தார். அவர் பீல்ட் மார்ஷலும் ஆனார். ஒரே மனிதர், ஒரே வழக்கு. சர்க்கார் மாறியதும் முன்னாள் சிறைவாசி பீல்ட் மார்ஷலாகிறார் எனில், வாக்காளன் குற்றச்சாட்டை எந்தத் துலாக்கோலில் நிறுப்பான்?

அனுதாபத்துக்கும் எல்லையுண்டு என்பதை அண்மைக்கால இந்தியா காட்டியிருக்கிறது. 2024 மார்ச் 21-ஆம் தேதி அமலாக்கத் துறையால் கைது செய்யப்பட்ட டில்லி முதலமைச்சர் அரவிந்த் கெஜ்ரிவாலுக்கு, தேர்தலை முன்னிட்டே மே 10-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இடைக்கால ஜாமீன் தந்தது. பிரசாரம் செய்வது அடிப்படை உரிமையன்று என்று அமலாக்கத் துறை வாதாடியது. பொதுத் தேர்தலின் முக்கியத்துவத்தை நீதிமன்றம் மேலாகக் கருதியது. அந்த ஜாமீனின் நிபந்தனைகளுள் ஒன்று, தம் வழக்கில் தமக்குள்ள பங்கைப் பற்றி அவர் கருத்துக் கூறலாகாது என்பது. ஆயினும் சிறைக்கு வாக்கால் பதில் சொல்லுங்கள் என்பதே அவருடைய கட்சியின் கோஷமாயிற்று. டில்லியில் அக்கட்சி நின்ற நான்கு தொகுதிகளிலும் தோற்றது. 2025 சட்டமன்றத் தேர்தலில் ஆட்சியையும் இழந்தது. அவரும் தம் தொகுதியில் தோற்றார். அதே 2024-இல் ஜனவரி இறுதியில் கைதாகி ஜூனில் ஜாமீனில் வந்த ஹேமந்த் சோரனோ, நவம்பரில் ஜார்க்கண்டில் 81 இடங்களில் தம் அணிக்கு 56 இடங்களை வென்று கொடுத்தார். திகார் சிறையிலிருந்த காஷ்மீர் அரசியல்வாதி பொறியாளர் ரஷீத், தம் புதல்வர்கள் செய்த பிரசாரத்தின் பலத்தில், பாராமுல்லாவில் உமர் அப்துல்லாவை இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளால் தோற்கடித்தார். செப்டம்பரில் அவரே ஜாமீனில் வெளிவந்து ஊர் ஊராகப் பேசியும் அங்கு நடந்த சட்டமன்றத் தேர்தலில் அவர் கட்சிக்கு ஓர் இடமே கிடைத்தது. ஆதிவாசித் தலைவர் ஒருவர் டில்லியிலிருந்து வந்த அதிகாரத்தால் அவமதிக்கப்பட்டார் என்று ஜார்க்கண்டில் ஜனங்கள் உணர்ந்தார்கள். டில்லி நகரத்தாருக்கோ பத்தாண்டு ஆட்சியைப் பற்றி வேறு கேள்விகள் இருந்தன. சிறை, ஒரு சமூகத்தின் மானத்தோடு சேரும்போதே வாக்காகிறது; தனித்து நிற்கையில் ஒருவரை வெல்ல வைக்கலாம், ஒரு கட்சியைத் தூக்கி நிறுத்த வலிமையற்றது.

மட்டக்களப்பை இந்த இடத்தில் நான் சொல்லாமல் விடமுடியாது. 2005 நத்தார் நள்ளிரவுத் திருப்பலியில், புனித மரியாள் தேவாலயத்துக்குள், தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் பாராளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். ஏறக்குறையப் பத்து ஆண்டுகள் எவரும் கைதாகவில்லை. 2015 அக்டோபரில், சர்க்கார் மாறிய பின்னர், கிழக்கு மாகாணத்தின் முன்னாள் முதலமைச்சர் சிவநேசதுரை சந்திரகாந்தன் அவ்வழக்கில் கைது செய்யப்பட்டு விளக்கமறியலில் வைக்கப்பட்டார். ஐந்து ஆண்டுகள் அங்கேயே இருந்தார், வழக்கு முடியவில்லை. 2020 ஆகஸ்டில் அவர் மறியற்சாலையிலிருந்தபடியே தமிழ் மக்கள் விடுதலைப் புலிகள் கட்சியின் அபேட்சகராகி, ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்ட விருப்பு வாக்குகளோடு வென்றார். மாவட்டத்தில் அதுவே மிகக் கூடியது. நவம்பரில் பிணை கிடைத்தது. வழக்கின் ஆதாரமாயிருந்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தால் ஏற்கப்படாது போக, 2021 ஜனவரியில் சட்டமா அதிபர் வழக்கைத் தொடர விரும்பவில்லையென்று அறிவித்தார். குற்றம் சாட்டப்பட்டோர் விடுதலையாயினர்.

சட்டத்தின் கண்ணில் அவர் நிரபராதி. அதற்கு மாறாக எதுவும் நான் கூற வரவில்லை. நான் கூற வருவது அந்தத் தேர்தலின் பேச்சைப் பற்றியது. கிழக்குக்குத் தனித் தலைமை வேண்டும், முதலமைச்சராயிருந்தபோது வீதியும் கட்டடமும் தந்தவர், விசாரணையின்றி ஐந்து வருஷம் அடைத்துவைக்கப்பட்டவர் என்று ஒரு சாரார் பேசினார்கள். கொலை வழக்கில் இருப்பவர் என்று மறுசாரார் பேசினார்கள். தேவாலயத்தில் விழுந்த மனிதரைப் பற்றி, அவர் எழுதியதையும் பேசியதையும் பற்றி, அவருக்கு என்ன நியாயம் கிடைக்கவேண்டும் என்பதைப் பற்றி எந்த மேடையிலும் போதிய இடம் கிடைக்கவில்லை. குற்றம் சாட்டப்பட்டவருக்கும் குற்றம் சாட்டுவோருக்கும் பிரசாரத்தில் ஆசனம் உண்டு. குற்றத்தால் பாதிக்கப்பட்டவருக்கு இல்லை. கஹவத்தையில் மேடை கட்டப்போன மனிதருக்கும் இல்லை. இருவருடைய மரணத்துக்கும், இன்றுவரை, தண்டனை நிலைபெற்ற குற்றவாளி ஒருவரும் இல்லை.

தமிழ்நாட்டிலும் காலதாமதம் வேறொரு விதமான தீங்கைச் செய்கிறது. 1995, 96-ஆம் ஆண்டுகளில் சுடுகாட்டுக் கூரைகள் அமைத்ததில் ஊழல் என்று தொடுக்கப்பட்ட வழக்கில், முன்னாள் அமைச்சர் டி. எம். செல்வகணபதி 2014-இல் தண்டிக்கப்பட்டு மாநிலங்களவைப் பதவியைத் துறந்தார். 2023-இல் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. 2024-இல் சேலம் மக்களவைத் தொகுதியில் அவர் வென்றார். ஏறக்குறைய இருபத்தெட்டு ஆண்டுகள். அவர் குற்றமற்றவரானால் அத்தனை காலம் அவர் சுமந்த பெயர் அநியாயம். ஒருவேளை தீர்ப்பு மறுவிதமாக அமைந்திருந்தால் இடைப்பட்ட தேர்தல்களில் வாக்காளன் அறியாமல் வாக்களித்தது அநியாயம். எப்படிப் பார்த்தாலும் யாரோ ஒருவருக்கு அநியாயம் நடந்தே தீருகிறது.

இந்நோய்க்கு இந்தியச் சட்ட ஆணையம் 2014 பிப்ரவரியில் தன் 244-ஆவது அறிக்கையில் ஒரு மருந்து சொல்லிற்று. ஐந்தாண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தண்டனைக்குரிய குற்றத்தில், நீதிமன்றம் ஆதாரங்களைப் பார்வையிட்டுக் குற்றச்சாட்டுப் பதிவு செய்த கட்டத்திலேயே ஒருவரைத் தேர்தலிலிருந்து விலக்கலாம். ஆனால் மனுப் பரிசீலனைக்கு முந்திய ஓராண்டுக்குள் பதிவான குற்றச்சாட்டைக் கணக்கில் சேர்க்கலாகாது. தேர்தல் நெருங்கும்போது அவசர அவசரமாக வழக்குத் தொடுத்து எதிரியைக் களத்திலிருந்து அகற்றும் தந்திரத்தை அந்த ஓராண்டு விதி தடுக்கிறது. வாக்காளன் பார்க்கும் தேதியைச் சட்டமும் பார்க்க வேண்டும் என்ற ஞானம் அவ்வறிக்கையில் இருக்கிறது. உச்ச நீதிமன்றம் 2018-இல் இதைத் தானே சட்டமாக்க மறுத்து நாடாளுமன்றத்திடம் விட்டது, நாடாளுமன்றம் எடுத்துக்கொள்ளவில்லை. 2017-இல் அனுமதிக்கப்பட்ட 12 தனி நீதிமன்றங்கள் மாத்திரம், உறுப்பினர்கள் மீதான வழக்குகளை விரைவுபடுத்தும் பணியைத் தொடங்கின.

இவ்விதியை இலங்கைக்கு அப்படியே கொண்டுபோகலாமா என்றால், இப்போதைக்குக் கூடாது என்றே சொல்வேன். அங்கே சர்க்காரின் சட்ட ஆலோசகராயும், வழக்குத் தொடுப்பவராயும், வழக்கைக் கைவிடுபவராயும் இருப்பவர் சட்டமா அதிபர் ஒருவரே. 1979-இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம், பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தையும் சாட்சியமாக்குகிறது. தமிழ் அரசியல்வாதி எவரையும் அச்சட்டத்தின்கீழ் குற்றம் சாட்டுவது கடினமான காரியமாக ஒருபோதும் இருந்ததில்லை. குற்றச்சாட்டே தகுதியிழப்புக்குப் போதும் என்றாகிவிட்டால், 1980-இல் ஸ்ரீமாவோவுக்கு நேர்ந்தது ஆணைக்குழுகூட இல்லாமலே வடக்கிலும் கிழக்கிலும் நேர இடமுண்டு. சர்க்காரின் பிடிக்கு வெளியே தனியான வழக்குத்தொடுநர் அலுவலகம் வேண்டும் என்ற நெடுநாளைய கோரிக்கை நிறைவேறும்வரை அவ்விதி காத்திருக்கட்டும்.

அதுவரை இலங்கை மேற்கொள்ளக்கூடியது பிரமாணப் பத்திரம்; அதையும் இந்தியப் படிவத்தின் குறையோடு மேற்கொள்ள வேண்டியதில்லை. சட்டப்பிரிவு, குற்றச்சாட்டுப் பதிவான தேதி போன்ற சில விவரங்களை எழுதச் சொல்வதோடு இந்தியப் படிவம் நிறுத்திக்கொள்கிறது. சம்பவம் நடந்த தேதி, முறைப்பாடு கொடுக்கப்பட்ட தேதி, கைதான தேதி, அவ்வேளையில் ஆட்சியிலிருந்த கட்சி, விசாரணை எத்தனை தவணைகள் ஒத்திவைக்கப்பட்டது, அவற்றுள் குற்றம் சாட்டப்பட்டவர் கேட்டுப் பெற்றவை எத்தனை, அரச தரப்புக் கேட்டவை எத்தனை, உயிரிழந்தவர், காயமுற்றவர் எத்தனை பேர் என்ற விவரங்களும், நீதிமன்றப் பதிவாளரின் அத்தாட்சியோடு, இருநாட்டுப் படிவங்களிலும் சேர வேண்டும். பழிவாங்கத் தொடுத்த வழக்கும், தாமதத்தால் தப்பிக்கப் பார்க்கும் வழக்கும், மறியல் செய்ததற்காக வந்த வழக்கும் அந்தத் தேதிகளிலேயே தம்மை வெவ்வேறாகக் காட்டிவிடும். இதற்குப் புதிய குற்றவியல் சட்டமோ அரசியலமைப்புத் திருத்தமோ தேவையில்லை. நீதிமன்றப் பதிவேடுகளில் இவ்விவரங்களில் பெரும்பாலானவை ஏற்கெனவே இருக்கின்றன. இந்தியாவில் தேர்தல் நடத்தை விதிகளில் ஒரு திருத்தமும், இலங்கையில் வேட்பு மனுவோடு சேரும் ஒரு படிவத்துக்கான சிறு சட்டமும் போதும். அடுத்த தேர்தல் அறிவிக்கப்படுவதற்கு முன் அவை வந்துவிட வேண்டும். அறிவித்த பின் வந்தால், அவற்றின் தேதியையும் வாக்காளன் பார்ப்பான்.